ஒரே புத்தகம், ஒரே வீடு, நாலு வாசிப்பு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறார். அன்றாட வாழ்க்கையிலேயே ஆனந்தத்தைக் கண்டுகொள்வது எப்படி என்று சொல்லும் ஆன்மிகத் தன்னம்பிக்கை நூல். வெளிநாட்டு ஆசிரியர், தமிழ் மொழிபெயர்ப்பு. பிடித்துப்போய் வீட்டில் எல்லோரிடமும் படிக்கக் கொடுத்திருக்கிறார். அம்மா இரண்டு முறை படித்துப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அண்ணன், "வேலைவெட்டி இல்லாதவன் எழுதினது" என்று பத்துப் பக்கத்தில் மூடிவிட்டார். அண்ணி பாதியில் அழுதுவிட்டு, "இனி இதை என் கண்ணில் காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டார். அண்ணியின் அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "புத்தகம் ஒன்றுதானே, யார் படித்தது சரி?" என்பது கேள்வி.

நான் கடலூர்ப் பக்கம் நூலகப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வகைப் புத்தகங்கள் வெளியே போவதையும் திரும்பி வருவதையும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாலு பேர் படித்ததும் சரிதான். நாலு பேருக்கும் ஒரே மாதிரி கொடுத்ததில்தான் சிக்கல்.

திரும்பி வந்த புத்தகத்தைப் புரட்டினாலே படித்தவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும். நாவலில் யாரும் அவ்வளவாகக் கோடு போடமாட்டார்கள். இதில் போடுவார்கள், நூலகப் புத்தகம் என்று தெரிந்தேதான் போடுவார்கள். முதல் ஐம்பது பக்கத்துக்கு அடிக்கோடு நெருக்கமாக இருக்கும், அப்புறம் குறையும், பயிற்சிகள் தொடங்கும் இடத்தில் நின்றே போய்விடும். பக்கங்களுக்கு நடுவில் பேருந்து டிக்கெட் இருக்கும், விபூதிப் பொட்டலம் இருக்கும், சில சமயம் காலியான மாத்திரை அட்டை. ஓரத்தில் ஒருவர் "உண்மை" என்று எழுதியிருப்பார். அதற்குக் கீழேயே வேறு மையில் "சொல்வது சுலபம்" என்று இருக்கும். அந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் அவர்கள் அம்மாவும் பிள்ளையுமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் புத்தகங்களை எந்த அடுக்கில் வைப்பது என்பதே நூலகத்தில் ஒரு தலைவலி. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூவி தசம வகைப்பாட்டில் 158 என்றால் நடைமுறை உளவியல். தன்னம்பிக்கை நூல்கள் அங்கே போகும். 294.5 என்றால் இந்து சமயம். ஆன்மிகமும் மகிழ்ச்சியும் கலந்து எழுதிய புத்தகத்தை இரண்டு இடத்திலும் வைக்கலாம், வைத்த இடத்தைப் பொறுத்து ஆள் மாறுவார். 158க்கு வருபவர் பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, அல்லது வியாபாரத்தில் அடி வாங்கியவர். அவருக்குப் பலன் வேண்டும், சீக்கிரம் வேண்டும். "பிரபஞ்சத்திடம் ஒப்படைத்துவிடுங்கள்" என்ற வரி வந்ததும் அவருக்குச் சலிப்பு தட்டிவிடும். 294.5 பக்கம் போகிறவர் தேவாரமும் கீதையும் படித்துப் பழகியவர். அவருடைய புகார் வேறு: இந்தப் புத்தகங்களில் கடவுள், கேட்டதைக் கொண்டுவந்து வைக்கும் ஓட்டல் சர்வர் மாதிரி ஆகிவிட்டாரே என்பது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பாய், இந்த வகையில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தினமும் நன்றி சொல்லு, நன்றி சொல்லுன்னு எழுதியிருக்கார். யாருக்குன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே" என்றார். இதைவிடக் கூர்மையான மதிப்புரையை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். எந்த வரிகளில் கோடு போட்டிருக்கிறார் என்று எடுத்துப் பாருங்கள். அவருக்குப் புதிதாகத் தெரியவந்த வரிகளாக அவை இருக்காது என்று நினைக்கிறேன். வாசல் தெளிப்பது, பூ தொடுப்பது, யாராவது வந்தால் ஒரு வாய் காபி கொடுத்து அனுப்புவது என்று ஆயுள் முழுக்கச் செய்துவந்ததையெல்லாம் வீட்டில் யாரும் ஒரு விஷயமாகவே பேசியிருக்க மாட்டார்கள். எங்கோ இருக்கும் ஒரு ஆசிரியர், "சின்னச் செயலை முழு மனதோடு செய்வதே வழிபாடு" என்கிற மாதிரி எழுதிவிட்டால், அது தன்னைப் பற்றித்தான் என்று அவருக்குத் தோன்றும். தோன்றுவதில் தப்பும் இல்லை. வயதான பெண்கள் பலர் இந்தப் புத்தகங்களை அறிவுரையாகப் படிப்பதில்லை, தங்களுக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரமாகவே படிக்கிறார்கள்.

இதற்குள் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. 1948இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, உங்கள் குணத்தைப் பற்றிய குறிப்பு இது என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 5க்கு 4.26. அப்புறம் பார்த்தால் எல்லோரிடமும் இருந்தது ஒரே குறிப்பு, அதுவும் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கி எடுத்த வரிகள். பொதுவாகச் சொன்னதைத் தனக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்வது மனித சுபாவம். தன்னம்பிக்கை நூல் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்; "வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் ஒரு வெறுமை" என்று எழுதினால் யார்தான் இல்லை என்பார்கள்? எனக்காகவே எழுதியது போலிருந்தது என்று நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அதில் பாதிக் காரணம் இதுதான். அதனால் புத்தகம் மோசம் என்று ஆகிவிடாது. அந்தத் தாளை வாங்கிய மாணவர்களில் சிலர் அன்றைக்குத் தங்களைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துமிருப்பார்கள்.

அண்ணன் சொன்னதை முரட்டுத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். இந்தப் புத்தகங்கள் அநேகமாக எல்லாமே காலையில் தொடங்கும். எழுந்ததும் சன்னலைத் திறங்கள், ஆழ்ந்து மூச்சு விடுங்கள், பறவைகளின் ஓசையைக் கேளுங்கள். நைட் ஷிப்ட் முடித்து வருபவருக்குக் காலை என்பது படுக்கப் போகும் நேரம். சன்னலைத் திறந்தால் என்ன காற்று வரும் என்பது வேறு கதை. சிப்காட்டைச் சுற்றி இருக்கும் ஊர்க்காரர்கள் ரசாயன வாடையைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எழுதியவர் தோட்டம் வைத்த வீட்டில், தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு வாழ்க்கையிலிருந்து எழுதுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு அடியில் இருக்கும் வாடகை, சம்பளம், ஞாயிற்றுக்கிழமை எதுவுமே புத்தகத்தில் வராது. அண்ணன் பத்துப் பக்கத்தில் கண்டுபிடித்தது இதைத்தான்.

வீட்டுப் பெண்கள் இதையே வேறு விதமாகக் கேட்பார்கள். "காலையில் கால் மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள்" என்ற வரியைக் காட்டி, "அந்த நேரத்தில் குழாயில் தண்ணி வந்தா யார் பிடிக்கிறது?" என்று ஒரு வாசகி என்னிடம் கேட்டிருக்கிறார். புதுச்சேரியில் பாரதியார் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு அவர் மகிழ்ந்து நின்ற கதையும் வரும். குருவிகளும் கவிஞரும் ஆனந்தமாகத்தான் இருந்தார்கள். அன்றைக்கு உலை வைக்க வேண்டியவர் செல்லம்மா. அன்றாட ஆனந்தம் பற்றி எழுதும் புத்தகம் எதை எடுத்தாலும், இதில் உலை வைப்பது யார் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். சில புத்தகங்கள் தாங்கும், பல தாங்காது.

அண்ணிதான் இதில் முக்கியம். 2009இல் கனடாவில் ஜோஆன் வுட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். "நான் அன்புக்குரிய மனிதர்" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்ல வைத்தார்கள். ஏற்கனவே தன்மேல் நல்ல மதிப்பு உள்ளவர்களுக்கு அதனால் கொஞ்சம் நன்மை. தன்மேல் மதிப்புக் குறைந்தவர்களுக்கோ சொல்லச் சொல்ல மனம் இன்னும் கீழே போனது. சொல்லும் வாக்கியத்துக்கும் உள்ளே இருக்கும் நிலைக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அந்த வாக்கியம் அந்த இடைவெளியைத்தான் காட்டிக் கொடுக்கிறது. யாருக்கு அவசரத் தேவை என்று நினைத்துக் கொடுக்கிறோமோ, அவருக்கே அது குத்தும். இது துக்கத்தைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் அப்பாவை இழந்த மாதத்தில், "மகிழ்ச்சி என்பது நீங்கள் எடுக்கும் முடிவு" என்று படிப்பவருக்கு என்ன நடக்கும் என்று யூகிக்க இது போதும். அழுதுகொண்டிருப்பதும் நீ எடுத்த முடிவுதான் என்று யாரோ எதிரே நின்று சொல்கிற மாதிரி இருக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அதற்கப்புறம் ஒரு விவசாயி, வீட்டில் யாரோ எடுத்துக் கொடுத்த இப்படியொரு புத்தகத்தைத் தவணைக்கு முன்பே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "போனதை நினைக்காதே, இருப்பதைப் பார்னு எழுதியிருக்கான் சார். பலா காய்ப்புக்கு வர எத்தனை வருஷம்னு அவனுக்குத் தெரியுமா?" நான் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். அதே மாதத்தில் அதே அடுக்கிலிருந்து வேறொருவர் எடுத்துப்போய், மறுபடியும் தவணை நீட்டிக்கொண்டதும் உண்டு. அவருக்கும் தோப்பு போயிருந்தது. ஒரு வித்தியாசம்: அவர் தானாக வந்து எடுத்தார்.

என் கணிப்பில் விஷயமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. நமக்கு நாமே எடுத்துக்கொண்டால் ஆறுதலாக இருக்கும் வாக்கியம், இன்னொருவர் நம்மை நோக்கி நீட்டும்போது உத்தரவாகிவிடுகிறது. உங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் கரையேறியது திருப்பாதிரிப்புலியூரில்தான் என்கிறது பெரியபுராணம். அதற்கு முன்னால் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோது பாடியதாகச் சொல்வது "மாசில் வீணையும் மாலை மதியமும்". வீணை, நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை. இன்றைய மகிழ்ச்சிப் புத்தகங்கள் தரும் பட்டியலும் கிட்டத்தட்ட இதேதான்! ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டு யாருக்கும் கோபம் வருவதில்லை. அவர் சூட்டில் உட்கார்ந்துகொண்டு, எந்தை இணையடி நிழல் தனக்கு எப்படி இருக்கிறது என்று சொல்கிறார். பக்கத்துக் காளவாயில் இருப்பவனைப் பார்த்து, நீயும் குளிர்ச்சியாக நினைத்துக்கொள் என்று சொல்லவில்லை.

வ.உ.சிதம்பரனார் கதையும் இப்படித்தான். எண்ணம் போலத்தான் வாழ்க்கை அமையும் என்று எழுதிய ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் சிறு நூலை "மனம் போல வாழ்வு" என்று தமிழில் தந்தவர் அவர். அதைச் செய்தது சிறையில். கோவைச் சிறையில் செக்கிழுத்த மனிதர், சூழ்நிலை மனதிலிருந்து பிறக்கிறது என்று சொல்லும் புத்தகத்தைத் தேடி எடுத்து மொழிபெயர்க்கிறார். அதே வரியைச் சிறை அதிகாரி அவரிடம் படித்துக் காட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? தமிழில் இந்த வகை எழுத்துக்கு அப்படியொரு கௌரவமான ஆரம்பம் இருக்கிறது என்பதை, இதையெல்லாம் மொத்தமாகக் கேலி செய்யும் என் இலக்கிய நண்பர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆன்மிக எழுத்தைப் படித்து ஆளுக்கொரு பக்கம் நிற்பது நம் வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. வள்ளலார் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்ற பெயரில் அச்சாகி வந்தன. அதை அருட்பா, அதாவது இறையருளால் பிறந்த பாட்டு என்று சொல்லலாமா கூடாதா என்ற சண்டை முற்றி, 1869இல் யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்புக்கும் வள்ளலார் தரப்புக்கும் இடையே மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. உங்கள் வீட்டுச் சண்டை அந்த அளவுக்குப் போகவில்லை, சந்தோஷப்படுங்கள். அதே 1867இல்தான் வடலூரில் சத்திய தருமச்சாலையும் தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வள்ளலாருக்கு ஆனந்தம் பேசவேண்டிய இடம் அடுப்பங்கரை. பசித்தவன் சாப்பிட்டதும் முகத்தில் வரும் தெளிவையே கடவுள் விளக்கமாக அவர் பார்த்தார். அண்ணனிடம் எப்போதாவது ஆன்மிகம் பேசியே ஆகவேண்டும் என்றால் அங்கிருந்து தொடங்குங்கள். வயிற்றை விட்டுவிட்டுப் பேசினால் அவர் எழுந்து போய்விடுவார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் புத்தகங்கள் சொல்லும் பயிற்சிகள் எல்லாமே வெறும் பேச்சு இல்லை. 2003இல் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு குழு, நன்றி சொல்லத்தக்க விஷயங்களை வாரம் ஒருமுறை, ஐந்துக்கு மிகாமல், பத்து வாரம் எழுதியது. இன்னொரு குழு எரிச்சல்களை எழுதியது. மூன்றாவது குழு சும்மா நடந்ததை எழுதியது. நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் திருப்தி சொன்னார்கள், உடற்பயிற்சிகூடக் கொஞ்சம் அதிகம் செய்தார்கள். பிரமாதமான மாற்றம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. கவனியுங்கள், வாரம் ஒருமுறை, சில வரிகள், அவ்வளவுதான். அதைப் புத்தகங்கள் தினமும் காலை மாலை என்று ஆக்கி, விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி வரும்படி செய்துவிடுகின்றன.

புதுச்சேரிப் பக்கம் வேறொரு வகை வாசகர்களைப் பார்க்கலாம், இவர்கள் கொஞ்சம் மிடுக்கானவர்கள். அரவிந்தர் 1914 முதல் "ஆர்யா" இதழில் தொடராக எழுதிய 'தி லைஃப் டிவைன்' புத்தகமானபோது ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதைப் படித்தவர்களுக்கு இந்த இருநூறு பக்க ஆனந்தங்கள் எல்லாம் மிட்டாய். ஆனால் ஆசிரமத்துக்கு வந்துபோகிற எளிய ஜனங்களைக் கவனித்தால், பெரிய புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒவ்வொரு பூவுக்கும் அன்னை சொன்ன பொருள் மாதிரி சின்ன விஷயத்தைத்தான் மனதில் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு பூவைப் பார்த்ததும் ஒரு நல்ல எண்ணம் நினைவுக்கு வந்தால் அது ஒன்றும் குறைந்த வாசிப்பு இல்லை. ஆயிரம் பக்கம் படித்தும் பேருந்தில் சீட்டுக்குச் சண்டை போடுபவர்களை எனக்குத் தெரியும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அம்மாவிடம் எதுவும் செய்ய வேண்டாம், அவர் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறார். அண்ணனிடம் இதைப் பற்றி விவாதிக்க வேண்டாம். அவர் வாசிப்பு பத்துப் பக்கத்தில் முடிந்தாலும் முழுமையாகத்தான் முடிந்திருக்கிறது. உங்களுக்குப் பிடித்தது என்றால் அதிலுள்ள பயிற்சி ஒன்றை எடுத்து, வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் செய்து பாருங்கள். அடுத்த புத்தகம் வாங்குவதை அதுவரை தள்ளிப்போடுங்கள். இந்த வகையில் பத்துப் புத்தகம் வாங்கி ஒரு பயிற்சிகூடச் செய்யாதவர்கள்தான் அதிகம், பதிப்பகங்கள் பிழைப்பதே அவர்களால்தான்.

அண்ணியிடம் புத்தகத்தைப் பற்றி விளக்கம் சொல்லப் போகாதீர்கள், "நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தேன்" என்றுகூட. அவருடைய அப்பாவைப் பற்றிக் கேளுங்கள், என்ன வேலை பார்த்தார், என்ன பிடிக்கும் என்று. பேச விருப்பமிருந்தால் பேசட்டும். ஒரு மாதத்தில் அழுவது நோய் இல்லை, அதற்குப் புத்தகமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நாளாக நாளாகத் தூக்கமும் சாப்பாடும் சரியாகாமல் போனால், எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், அப்போது தாமதிக்கக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

பின்னால் எப்போதாவது அவராகவே அந்தப் புத்தகத்தைக் கேட்டால் கொடுங்கள். ஆனால் அம்மா கோடு போட்ட பிரதி வேண்டாம், கோடு போடாத வேறொன்று வாங்கிக் கொடுங்கள். இன்னொருவர் கோடு போட்ட புத்தகத்தில், எந்த இடத்தில் நெகிழ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த மாதிரி இருக்கும்; அவருக்கு எந்தப் பக்கம் தேவை என்பதை அவரே தேடிக்கொள்ளட்டும்.